வீட்டு வாயிலிற் செம்புக்கம்பி: ஐ.எஸ்.டி.என். வலையமைப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்ப வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் ஒருவரின் பெயருடன் தொடங்கி, அவரது கருவி உலகை மாற்றிய விதத்தைக் கூறி முடிப்பர். தொலைபேசி என்றாற் கிரகாம் பெல், வானொலி என்றால் மார்க்கோனி என்று நாம் பாடசாலையிற் கற்றதும் இம்முறையிலேயே. இவ்வாறு எழுதப்படும் வரலாற்றில் வென்றவற்றிற்கு மட்டுமே இடமுண்டு. வந்து, இருபது முப்பது ஆண்டுகள் மனிதருக்கு உழைத்து, பின்னர் ஆரவாரமின்றி அகற்றப்பட்டவை அதிற் பதிவாவதில்லை. ஐ.எஸ்.டி.என். என்னும் சுருக்கப் பெயரால் அறியப்பட்ட ‘ஒருங்கிணைந்த சேவைகளுக்கான இலக்கமுறை வலையமைப்பு’ அத்தகைய ஒன்றாகும். 1990களில் வீட்டுக் கணனியை இணையத்துடன் இணைப்பதற்கு ஜேர்மனியிலும் யப்பானிலும் சாதாரண குடும்பங்களுக்குக் கிடைத்த சிறந்த வழி அதுவாகவே இருந்தது. இன்று நம் தலைமுறையினருட் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூட அறியார்.

அதனைத் தோல்வியுற்ற முயற்சி என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவாரும் உளர். ஐக்கிய அமெரிக்க அனுபவத்தை மட்டும் கண்டோர்க்கு அது நியாயமாகவே தோன்றும். ஆயின் ஜேர்மனியின் அனுபவத்தை முன்னிறுத்தி நோக்குமிடத்து இம்முடிவு பொருந்துவதாயில்லை. ஒரு வீட்டிலுள்ள கணனி எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம், என்ன விலைக்கு வெளியுலகுடன் தொடர்பு கொள்ளலாம் என்பதைத் தீர்மானித்தோர் யாவர் என்னும் வினாவையே இக்கட்டுரை எழுப்ப விழைகின்றது. பரிமாற்று நிலையத்தையும் கட்டணப் பட்டியலையும் தம் கையில் வைத்திருந்த நிறுவனங்களே அவற்றைத் தீர்மானித்தன என்பது என் துணிபு.

முதலில் தொழினுட்ப அடிப்படையைச் சுருக்கமாகவேனும் விளங்கிக்கொள்ளுதல் அவசியம். மனிதக் குரலில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதி தொலைபேசிப் பேச்சுக்குப் போதுமானது. அக்குரலை விநாடிக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டுகளாற் குறித்தால், விநாடிக்கு 64,000 பிட்டுகள் கிடைக்கும். குரலை இவ்வாறு எண்களாக்கி அனுப்பும் கருத்தை 1938ஆம் ஆண்டிற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர், பாரிசில் ஆய்வுகூடமொன்றிற் பணிபுரிந்த அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர். வெற்றிடக் குழாய்களின் காலத்தில் அது செயற்படுத்த முடியாத அளவு செலவு மிக்கதாக இருந்தது. திரான்சிஸ்டர் வந்த பின்னரே அது நடைமுறைக்கு உரியதாயிற்று. 1962இல் ஐக்கிய அமெரிக்காவில் பெல் நிறுவனம் பரிமாற்று நிலையங்களுக்கிடையே ஒரே தடத்தில் 24 உரையாடல்களை எண்களாக அனுப்பத் தொடங்கிற்று. 1970இல் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியிலுள்ள பெறோஸ்-கீறெக் என்னும் சிற்றூரில், இணைப்பையே இலக்க முறையில் மாற்றிக் கொடுக்கும் பரிமாற்று நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றியது. 1970களிலிருந்து நிலையங்களுக்கிடையிலான நெடுவழிகள் படிப்படியாக இலக்கமுறைக்கு மாறின. ஆனால் நிலையத்திலிருந்து வீட்டு வாயில் வரை செல்லும் இரு செம்புக்கம்பிகள் மட்டும் பெல்லின் காலத்தில் இருந்தவாறே குரலலைகளைச் சுமந்துகொண்டிருந்தன. எண்களால் இயங்கும் கணனியொன்று இக்கம்பி வழியே பேச வேண்டுமாயின், மொடெம் என்னும் கருவி அவ்வெண்களைச் சீழ்க்கையொலியாக மாற்றும். பரிமாற்று நிலையம் அச்சீழ்க்கையை மீண்டும் எண்களாக மாற்றும். அரிசியை உமியுள் அடைத்து நெல்லாக்கி ஆலைக்கு அனுப்ப, ஆலை அதனை மறுபடியும் குற்றி அரிசியாக்குவதை ஒத்தது இது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோவொன்று இழக்கப்பட்டது. 1994இல் ஏற்கப்பட்ட நியமம் விநாடிக்கு 28.8 கிலோபிட் வேகத்தையே மொடெமுக்குத் தந்தது. 1998இல் வந்த நியமம் அதனை 56 வரை உயர்த்திற்று. ஆயின் அதுவும் உள்வரும் திசையில் மட்டுமே.

அவ்விரு கம்பிகளையும் இலக்கமுறைக்கு மாற்றிவிடுதல் என்பதே ஐ.எஸ்.டி.என். திட்டத்தின் சாரம். புதிய கம்பி தேவையில்லை. இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினாற் போதும். ஒவ்வொன்றும் 64 கிலோபிட் கொண்ட இரு தடங்கள் வீட்டாரின் பாவனைக்கு. அழைப்புகளை ஒழுங்குபடுத்தும் செய்திகளுக்கு 16 கிலோபிட் கொண்ட மூன்றாந் தடம். ஆகமொத்தம் 144 கிலோபிட். உலகத் தொலைத்தொடர்பு நிருவாகங்களின் ஆலோசனைக் குழுவான சி.சி.ஐ.டி.டி. 1984இல் இதற்குரிய முதலாவது பரிந்துரைத் தொகுதியை வெளியிட்டு, 1988இல் அதனை விரிவாக்கியது.

அப்பரிந்துரைகளை வகுத்தோர் தம் வலையமைப்பில் எவையெவை செல்லும் என்று பட்டியலிட்டிருந்தனர். குரல், தொலைநகல், எழுத்துத் தந்தி, திரைப்பக்கச் சேவை, அசையும் படத்துடனான உரையாடல் முதலியன அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு சேவையும் நிருவாகத்தால் வரையறுக்கப்பட்டு, நிருவாகத்தால் வழங்கப்பட்டு, நிருவாகத்தாற் கட்டணம் விதிக்கப்படும் என்பது அவர்களது எடுகோள். ‘ஒருங்கிணைந்த சேவைகள்’ என்னும் பெயரே இவ்வெடுகோளைப் புலப்படுத்துகின்றது. எச்சேவையையும் முன்கூட்டி வரையறுக்காது, பொதிகளை மட்டும் கடத்திவிடும் இணையம் என்னும் அமைப்பு அதே ஆண்டுகளிற் பல்கலைக்கழகங்களினிடையே வளர்ந்துகொண்டிருந்தது. வீடுகளுக்குள் ஐ.எஸ்.டி.என். புகுவதற்கு இறுதியில் முதற் காரணமாய் அமைந்தது அந்த இணையமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஜேர்மனியில் தொலைபேசி, கூட்டாட்சி அஞ்சற்றுறையின் ஏகபோகமாக இருந்தது. 1970களில் அத்துறைக்கெனச் சீமென்ஸ் முதலிய நிறுவனங்கள் இலக்கமுறை சாராத இலத்திரனியற் பரிமாற்று நிலையமொன்றை உருவாக்குவதிற் பெருமுயற்சி செய்தன. 1979இல் அத்திட்டம் முற்றாகக் கைவிடப்பட்டு, இனி இலக்கமுறை நிலையங்களே நிறுவப்படும் என்று முடிவு செய்யப்பட்டது. பெருஞ்செலவை இழப்பாக ஏற்றுப் பாதை மாறும் துணிவு, இலாபக் கணக்கை ஆண்டுதோறும் பங்குதாரருக்குக் காட்டவேண்டிய நிறுவனத்திற்கு இருந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. 1987இல் மான்ஹைம், ஸ்ருட்கார்ட் ஆகிய நகரங்களிற் பரீட்சார்த்தமாகவும், 1989இல் வணிக முறையிலும் ஐ.எஸ்.டி.என். தொடங்கப்பட்டது. பிரான்சு இதில் முந்திக்கொண்டது. 1987இன் இறுதியிலேயே சென்-பிறியேக் நகரில் அது வணிகச் சேவையைத் தொடங்கியிருந்தது.

தொடக்கத்தில் ஜேர்மனியர் தமக்கெனத் தனி நியமமொன்றை வைத்திருந்தனர். ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 1989இற் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 1990களின் நடுப்பகுதியிற் பொது ஐரோப்பிய நியமம் அதனைப் பிரதியீடு செய்தது. முன்னர் வாங்கிய கருவிகள் பல இதனாற் பயனற்றுப் போயின.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறு. இலினோய் மாநிலத்தின் ஓக் புறூக் நகரில், மக்டொனால்ட்ஸ் உணவக நிறுவனத்தின் தலைமையகத்தில் 1986இலேயே ஐ.எஸ்.டி.என். பரீட்சிக்கப்பட்டது. ஆயின் 1984 ஜனவரி முதலாந் திகதி ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் பிரிக்கப்பட்டு, உள்ளூர்த் தொலைபேசி ஏழு பிராந்திய நிறுவனங்களிடம் சென்றிருந்தது. ஒரு நகரில் ஒரு உற்பத்தியாளரின் நிலையம், அடுத்த நகரில் வேறொருவருடையது. ஒன்றிற்கு வாங்கிய கருவி மற்றதில் இயங்காது. பொது நியமமொன்று 1992இலேயே ஒருவாறு உருப்பெற்றது. அதன் பின்னரும் வீட்டார் தம் கருவிக்குள், நிலையம் வழங்கும் அடையாள இலக்கமொன்றை, பெரும்பாலும் பதினான்கு இலக்கங்கள் கொண்டதை, பிழையின்றிப் பதிய வேண்டியிருந்தது. ஓர் இலக்கம் தவறினாலும் இணைப்பு இல்லை. ‘இன்னும் எதுவுஞ் செய்யவில்லை’ என்று பொருள்படுமாறு அந்நான்கு எழுத்துகளுக்கு அங்கு புதுவிரிவு கொடுத்து நகையாடினர். ஒரே தொழினுட்பம், ஏறத்தாழ ஒரே காலம். பலன் மட்டும் வேறு. போட்டியே எப்பொழுதும் முன்னேற்றத்தைக் கொணரும் என்போர் இவ்வேறுபாட்டிற்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டவராவர்.

இனி, 1990களின் நடுப்பகுதியில் ஜேர்மனிய வீடொன்றில் இவ்விணைப்பு அமைக்கப்பட்ட விதத்தைச் சற்று விரிவாகவே நோக்குவோம். நிறுவனங்களின் வரலாறு இறுதியில் வந்து முட்டுவது ஒரு வீட்டுச் சுவரிலன்றோ. பழைய தொலைபேசிச் செருகிக்கு அருகில் சிறிய பெட்டியொன்று பொருத்தப்படும். நிலையத்திலிருந்து வரும் இரு கம்பிகளும் அதில் முடிவுறும். அங்கிருந்து நான்கு கம்பிகள் கொண்ட உள்வழி புறப்படும். அதில் எட்டுக் கருவிகள் வரை இணைக்கலாமெனினும், ஒரே நேரத்தில் இரண்டுக்கே தடம் உண்டு. பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை; மின்சாரம் தடைப்படின், முன்குறித்த ஒரு தொலைபேசிக்கு மட்டும் நிலையமே கம்பி வழியாக மின் அனுப்பும். வீட்டிலிருந்த பழைய தொலைபேசி நேரடியாக இயங்காது. அதற்கென இடைக்கருவி வாங்க வேண்டும்.

கணனிக்கு அட்டையொன்று தேவை. இவ்வட்டைகளால் ஜேர்மனியிற் பெரும்புகழ் பெற்றது 1986இற் பேர்லினில் நிறுவப்பட்ட ஏ.வி.எம். என்னும் நிறுவனம். (நம் வாசகர்கள் சென்னைத் திரைப்பட நிறுவனத்தை நினைந்து மயங்க வேண்டா.) அந்நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘ஃபிரிட்ஸ்’ அட்டை சாதாரண குடும்பங்களையும் சென்றடைந்தது. கணனியைத் திறந்து அட்டையைச் செருகிய பின்னரே உண்மையான தொல்லை தொடங்கும். அக்காலக் கணனியில் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனிக் குறுக்கீட்டிலக்கம் ஒதுக்கப்பட வேண்டும். ஒலியட்டைக்குரிய இலக்கத்தையே இதற்கும் கொடுத்துவிட்டாற் கணனி உறைந்து நின்றுவிடும். பின்னர் இணையச் சேவை வழங்குநரின் இலக்கம், பயனர் பெயர், கடவுச்சொல், இடக்குறியீடு நீங்கலான சொந்தத் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். இரு முனைகளும் பிட்டுகளைப் பொதியும் முறை ஒத்திருத்தலும் வேண்டும். அது ஒவ்வாவிடின், அழைப்பு ஏற்கப்படும். ஆயின் எச்செய்தியும் வாராது. கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், மொடெமின் அரை நிமிடக் கூச்சலின்றி, ஓரிரு விநாடிகளில் இணைப்புக் கிடைத்துவிடும். இவ்விரைவே வேறொரு தொல்லையையும் கொணர்ந்தது. ஓசையின்றி இணையக்கூடியதாகையால், கணனியிலுள்ள மென்பொருள் ஏதேனும் வீட்டார் அறியாமலே இலக்கத்தைச் சுழற்றிவிடும். மாத இறுதியிற் பட்டியல் வரும்போதே அது தெரியவரும்.

இரு தடங்கள் என்பதன் பொருளை நான் நூல்களிலிருந்து அறியவில்லை. 1980களின் நடுப்பகுதியில் அகதியாக ஜேர்மனி சென்ற என் தாய்மாமன் கூறியே அறிந்தேன். 1990களில் யாழ்ப்பாணத்திற்குத் தொலைபேசித் தொடர்பு இல்லை. அங்கிருந்து உறவினர் யாரேனும் பல தடைகளைக் கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, ‘கொமினிக்கேசன்’ என்று மக்கள் வழங்கிய கடைகளிற் காத்திருந்து எடுக்கும் அழைப்பே வீட்டுச் செய்தி. அது எப்பொழுது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மூத்த மகன் மொடெம் வழியே இணையத்தில் இருந்த மாலைப்பொழுதொன்றில் அவ்வாறான அழைப்பொன்று வந்து, வழி வேலையாக இருந்தமையாற் கிடைக்காது போயிற்று. அழைத்தவர் மறுநாளே திரும்பிவிட்டார். அவர் சொல்ல வந்தது என் பாட்டியாரின் மரணச் செய்தி என்பது மூன்று வாரங்களின் பின் கடிதம் மூலமே தெரிந்தது. அடுத்த மாதமே மாமா ஐ.எஸ்.டி.என். இணைப்புக்கு விண்ணப்பித்தார். ‘ஒன்றில அவன் இருக்கட்டும், மற்றது ஊருக்கு’ என்று மாமியிடம் கூறினாராம். இரு தடங்களையும் ஒன்றாக்கி 128 கிலோபிட் வேகம் பெறும் வசதியை அவ்வீட்டில் எவரும் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. சி.சி.ஐ.டி.டி. தயாரித்த சேவைப் பட்டியலில் இத்தகைய தேவை குறிக்கப்பட்டிருக்க நியாயமில்லை.

கட்டணத்திற்கு வருவோம். ஜேர்மனிய அஞ்சற்றுறை 1989இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அதன் தொலைத்தொடர்புப் பகுதி 1995இற் பங்கு நிறுவனமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டிற் பங்குகள் சந்தைக்கு வரவிருந்தன. 1998 ஜனவரியிலிருந்து குரற்றொலைபேசியிலும் போட்டி அனுமதிக்கப்படவிருந்தது. இச்சூழ்நிலையில் 1996 ஜனவரி முதலாந் திகதி புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. தூர அழைப்புகள் மலிவாயின. உள்ளூர் அழைப்புகள் ஏறின. அதற்கு முன் பகல்வேளை உள்ளூர் அழைப்பில் 6 நிமிடங்களுக்கு 23 பெனிக் அறவிடப்பட்டது. புதிய முறையில் 90 விநாடிகளுக்கு 12 பெனிக். மணிக்கு 2.30 மார்க்காக இருந்தது 4.80 மார்க் ஆயிற்று. இணையச் சேவை வழங்குநரை அழைப்பதும் உள்ளூர் அழைப்பே. இரு தடங்களையும் இணைத்தால் அவை இரு அழைப்புகளாகக் கணிக்கப்படும்; அதாவது மணிக்கு 9.60 மார்க். வழங்குநருக்குக் கொடுக்கவேண்டியது இதற்குப் புறம்பானது. தூர அழைப்பால் நன்மை பெற்றவை பெரும்பாலும் வணிக நிறுவனங்களே. மாலைநேரத்தில் மூன்று நிமிடம் பேசி வைப்பவரை மாத்திரம் மனத்திற்கொண்டு வகுத்த கட்டண அலகு, ஒரு பக்கத்தை மெல்ல வாசித்திருக்கும் மாணவனுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. அவன் வாசித்துக்கொண்டிருக்கையிற் கம்பியில் எதுவும் செல்வதில்லை. எனினும் தடம் அவனுக்கென ஒதுக்கப்பட்டிருந்தமையால் நேரம் கணக்கிடப்பட்டது.

யப்பானில் என்.ரி.ரி. நிறுவனம் 1988இல் ஐ.எஸ்.டி.என். சேவையைத் தொடங்கிற்று. (1997இல் இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 35 வீதப் பங்குகளை வாங்கியதன் மூலம் இந்நிறுவனத்தின் பெயர் நம்மவருக்கும் பழக்கமாயிற்று.) 1995இல் அது ‘தெலெஹோதாய்’ என்னும் கட்டணத் திட்டத்தை அறிமுகஞ் செய்தது. இரவு 11 மணி முதற் காலை 8 மணி வரை, முன்பதிவு செய்த இரு இலக்கங்களுக்கு எவ்வளவு நேரம் அழைத்தாலும் ஒரே மாதக் கட்டணம். அக்கால யப்பானிய இணையப் பாவனையாளர் கடிகாரம் பதினொன்றைக் காட்டும்வரை காத்திருந்து இணைந்தனர். அந்நேரத்தில் வழிகள் நெரிசலுற்றன. ஒரு தலைமுறையின் உறக்கத்தையே கட்டணப் பட்டியலொன்று மாற்றியமைத்தது எனல் மிகையன்று.

கிழக்கு ஜேர்மனியின் நிலை இவற்றினும் வியப்பிற்குரியது. 1990இல் நாடு ஒன்றாகியபோது அங்கு தொலைபேசி இல்லாத வீடுகளே மிகுதி. பழுதான பழைய கம்பிகளைத் திருத்துவதைவிட அன்றைய மிக உயர்ந்த தொழினுட்பத்தையே புகுத்தலாம் என எண்ணி, பல பகுதிகளில் ‘ஓபல்’ என்னும் திட்டத்தின்கீழ்க் கண்ணாடியிழை வழிகள் வீடுகளுக்கு அருகுவரை இடப்பட்டன. குரலுக்கும் ஐ.எஸ்.டி.என். சேவைக்கும் அவை நன்கு உதவின. ஆயின் 1999இல் விநாடிக்கு 768 கிலோபிட் வேகத்துடன் டி.எஸ்.எல். சேவை வந்தபோது, அது நிலையம் தொட்டு வீடு வரை தொடர்ச்சியான செம்புக்கம்பியை வேண்டி நின்றது. மேற்கில் பழஞ்செம்பு வைத்திருந்தோர் விரைவு இணையம் பெற, கிழக்கிற் கண்ணாடியிழை பெற்றோர் ஐ.எஸ்.டி.என். தடங்களோடு பல ஆண்டுகள் நின்றனர்.

டி.எஸ்.எல். என்பதே ஐ.எஸ்.டி.என். ஆராய்ச்சியின் வழித்தோன்றல்தான். ‘இலக்கமுறைச் சந்தாதாரர் வழி’ என்னும் அப்பெயர், முதலில் ஐ.எஸ்.டி.என். பாயும் செம்புக்கம்பியையே குறித்தது. ஜேர்மனியில் அதே கம்பியில் இரண்டும் செல்ல வேண்டியிருந்தமையால், புதிய சேவைக்குரிய அலைவரிசைகள் ஐ.எஸ்.டி.என். அலைவரிசைகளுக்கு மேலிருந்து தொடங்குமாறு வகுக்கப்பட்டன. ஐ.எஸ்.டி.என். இல்லாத வீடுகளுக்கும் அதே ஒழுங்கு பின்பற்றப்பட்டது. இதனால் நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள வீடுகளைச் சேவை எட்டுவது கடினமாயிற்று. யப்பானிலோ அந்நாட்டு ஐ.எஸ்.டி.என். முறை அருகிலுள்ள கம்பிகளிற் செல்லும் டி.எஸ்.எல். சேவையைக் குழப்பக்கூடியதாக இருந்தது. இறந்தவர் எழுதிவைத்த உறுதி போன்று, பழைய வலையமைப்பு புதியதன் எல்லைகளை வரைந்தது.

எதிர்பாராத வேறொரு பயனையும் குறிப்பிடாதிருத்தல் இயலாது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீற்றர் சைற்சர், தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்பலாம் எனக் கருதிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, அது இயலாத காரியம் என்று பரிசீலகர் மறுத்தார். அம்மறுப்பிற்கு விடைகாணும் பணி கலாநிதிப் பட்டத்திற்கு ஆய்வு செய்த கார்ல்ஹைன்ஸ் பிறண்டன்பேர்க்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாய்விலிருந்தும் அதனைத் தொடர்ந்து எர்லாங்கனிற் பலர் கூடிச் செய்த பணியிலிருந்தும் பிறந்ததே எம்.பி.3 என்னும் ஒலிச்சுருக்க முறை. இன்று நாம் கையடக்கத் தொலைபேசியிற் பாட்டுக் கேட்பதன் மூலகாரணங்களுள் ஐ.எஸ்.டி.என். கம்பியின் ஒடுக்கமும் ஒன்று.

ஜேர்மனியில் ஐ.எஸ்.டி.என். இணைப்புகளை இணையவழித் தொலைபேசிக்கு மாற்றும் பணி 2010களின் இறுதியில் விரைவுபடுத்தப்பட்டது. வாடிக்கையாளர் பலர் விரும்பி மாறவில்லை. ஒப்பந்தம் முடிவுறுத்தப்படும் என்ற அறிவித்தல் கிடைத்தே மாறினர். யப்பானில் ஐ.எஸ்.டி.என். தரவுச் சேவை 2024 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. பிரித்தானியாவில் 2023 செப்டெம்பருடன் புதிய இணைப்புகள் வழங்குவது நிறுத்தப்பட்டு, எஞ்சியவற்றை நிறுத்துவதற்கு 2027 ஜனவரி எனத் தவணை குறிக்கப்பட்டது. வீட்டார் இவ்வகற்றலைப் பெரிதாக உணரவில்லை. வருந்தியோர் வானொலி நிலையத்தார். தொலைவிலுள்ள ஒருவரின் குரலைத் தெளிவாகப் பெற அவர்கள் பல்லாண்டுகளாக ஐ.எஸ்.டி.என். தடங்களையே நம்பியிருந்தனர். நிமிடத்திற்குப் பணம் வாங்கிய அத்தடம், வாங்கிய பணத்திற்கு 64 கிலோபிட்டையும் முழுமையாகக் கொடுத்தது. அயல்வீட்டார் என்ன செய்தாலும் அது குறையவில்லை. இணையப் பொதிகள் அவ்வுறுதியைத் தருவதில்லை.

என் மாமா வீட்டுச் சுவரிலிருந்த பெட்டி 2018இற் கழற்றப்பட்டது. அதைத் திருப்பி அனுப்புமாறு எவரும் கேட்கவில்லை. ஊருக்கு வந்தபோது அவர் அதைத் தம் பயணப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இக்கட்டுரையை எழுதும்போது அது என் மேசையில் இருக்கின்றது.